தற்காலக் கலையைப் பார்ப்பதும் விமர்சிப்பதும்: கேலரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேலரியை விட்டு வெளியே வரும்போது பலர் சொல்வது இதுதான்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒண்ணும் புரியல." கலையைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்தது போதாது என்று அவர்களே காரணமும் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்துச் செய்த ஓர் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ஒரு படைப்பின் முன் சராசரியாக நின்ற நேரம் 27 விநாடி. பாதிப் பார்வைகள் 17 விநாடிக்குள் முடிந்துவிட்டன. உலகம் கொண்டாடும் ஓவியங்களுக்கே இந்த நிலை என்றால், போன மாதம் செய்து முடித்த ஒரு படைப்பு அந்த நேரத்தில் நமக்கு எதைச் சொல்லிவிட முடியும்?

தற்காலக் கலையைப் பார்ப்பதற்கும் அதைப் பற்றி எழுதுவதற்கும் நான் நம்புகிற வழி, தீர்ப்பைத் தள்ளிப்போடுவது. பிடித்ததா, பிடிக்கவில்லையா, நல்லதா, மோசமா என்ற கேள்விகளைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, கண் முன்னால் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: எந்த இடம், யார் செலவு

ஒரு நகரத்தில் கலை காட்டப்படும் இடங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. வணிக கேலரிகள் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் காட்டி, படைப்புகளை விற்று, விற்பனையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பங்கு பல இடங்களில் பாதி வரை போகும். வாடகைக் கூடங்களில் கலைஞரே பணம் கட்டிக் கண்காட்சி வைக்கிறார். அங்கே யாரும் வடிகட்டித் தந்திருக்க மாட்டார்கள். அருங்காட்சியகங்களும் அறக்கட்டளைகளும் பெரும்பாலும் விற்பதில்லை, ஆனால் அவற்றுக்கும் நிதி தருபவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்கள், கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் சிறு இடங்கள், கலைக் கல்லூரிகளின் ஆண்டிறுதிக் கண்காட்சிகள் ஆகியவையும் உண்டு. இவற்றுக்கு மேலே ஆர்ட் ஃபேர் (பல கேலரிகள் ஒரே இடத்தில் கூடி விற்கும் கலைச் சந்தை), பியனாலே (இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலைக் கண்காட்சி) போன்ற பெரிய கூடுகைகள். வெனிஸ் பியனாலே 1895-இல் தொடங்கியது. கொச்சி முசிரிஸ் பியனாலே 2012-இல்.

செலவு யாருடையது என்று தெரிந்தால், அந்த இடத்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். வணிக கேலரியில் சுவரில் மாட்டக்கூடிய அளவுப் படைப்புகள் அதிகம் இருப்பது இயல்பு. கல்லூரிக் கண்காட்சியில் முடிவடையாத யோசனைகள் இருக்கும், அதுவே அதன் சுவை. புதிதாகத் தொடங்குகிறவர் எல்லா வகையிலும் ஓரிடத்துக்காவது போய்வர வேண்டும். கல்லூரிக் கண்காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள். சில வருடங்களில் பெரிய கேலரிகளில் வரப்போகிற பெயர்களை அங்கேதான் முதலில் பார்ப்பீர்கள்.

வணிக கேலரிகளுக்குப் பொதுவாக நுழைவுக் கட்டணம் கிடையாது. வாங்க வந்தவரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கண்ணாடிக் கதவையும் உள்ளே நிலவும் அமைதியையும் பார்த்துத் தயங்கித் திரும்பிப் போகிறவர்கள் நிறைய. தயங்க வேண்டாம், தள்ளிக்கொண்டு உள்ளே போங்கள்.

படி 2: நாளைத் தேர்ந்தெடுப்பது

திறப்பு விழா மாலை மனிதர்களைச் சந்திக்க நல்லது, படைப்புகளைப் பார்க்க மோசமானது. கூட்டத்துக்கு நடுவில் சுவரே தெரியாது. விமர்சனம் எழுதும் எண்ணம் இருந்தால், வார நாளில், ஆள் குறைவான நேரத்தில் தனியாகப் போங்கள். ஒரே நாளில் இரண்டு, அதிகம் போனால் மூன்று கண்காட்சிகள் போதும். அதற்கு மேல் கண் சோர்ந்துவிடும்.

ஒரு சிறு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பல அருங்காட்சியகங்கள் பேனாவை அனுமதிப்பதில்லை. முதுகுப்பையை வெளியே வைத்துவிடுங்கள். திரும்பும்போது பின்னால் இருக்கும் சிற்பத்தில் இடித்துவிடும். புகைப்படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் முதல் சுற்றில் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

படி 3: படிக்காமல் ஒரு சுற்று, அப்புறம் ஒன்றின் முன்னால் நிற்பது

உள்ளே போனதும் வாசலில் இருக்கும் சுவர்க்குறிப்பைப் படிக்காதீர்கள். இது பலருக்குக் கடினம், ஆனால் இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள். அந்தக் குறிப்பு, நீங்கள் என்ன பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். பிறகு கண் அதை மட்டும்தான் தேடும்.

முழுக் கூடத்தையும் ஒரு முறை மெதுவாகச் சுற்றி வாருங்கள். எது உங்களை நிறுத்தியது, எதைக் கடந்து போனீர்கள் என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்தெடுத்து அதன் முன் 10 நிமிடம் நில்லுங்கள். பிடித்த படைப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எரிச்சலூட்டியதும் நல்ல தேர்வுதான்.

10 நிமிடம் அதிகமாகத் தெரிகிறதா? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், தன் மாணவர்களை ஒரே படைப்பின் முன் 3 மணி நேரம் இருக்கச் சொல்வார். அவரே 1765-இல் ஜான் சிங்கிள்டன் காப்லி வரைந்த ஓர் ஓவியத்தை அப்படிப் பார்த்தார்: ஒரு சிறுவன், சங்கிலியில் கட்டிய அணில், மேசையில் ஒரு தண்ணீர் டம்ளர், பின்னால் திரைச்சீலை. சிறுவனின் காது வடிவமும் அணிலின் வயிற்றோர ரோமமும் ஒன்றையொன்று ஒத்திருப்பது அவர் கண்ணில் பட 9 நிமிடம் ஆனது. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் அகலமும் டம்ளரின் விட்டமும் ஒன்றே என்று கண்டுகொள்ள 21 நிமிடம். ஓவியம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கே அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

அந்த 10 நிமிடத்தில் என்ன செய்வது? பக்கவாட்டில் நின்று பாருங்கள்: பெயின்ட் தடித்து நிற்கிறதா, துணியின் இழை தெரியுமளவு மெல்லியதா? கேன்வாஸின் விளிம்பில் நிறம் மடங்கிப் போகிறதா, முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறதா? திருத்திய தடயம் உண்டா? ஆறடி தள்ளிப் போங்கள். என்ன மறைகிறது, என்ன சேர்ந்து தெரிகிறது? குனிந்து பாருங்கள். ஆணி, கம்பி, மின்சார வயர் எல்லாம் மறைக்கப்பட்டிருக்கின்றனவா, வேண்டுமென்றே காட்டப்பட்டிருக்கின்றனவா? கண்டதை நோட்டில் எழுதுங்கள். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் போதும், "அருமை", "ஆழம்" போன்ற சொற்கள் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

இன்ஸ்டலேஷன் என்றால், அதாவது ஓர் இடத்தையே படைப்பாக்கி நம்மை அதற்குள் நடக்கவிடும் கலை என்றால், உங்கள் உடம்பையும் கவனியுங்கள். கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ 2007-இல் லண்டனின் டேட் மாடர்னில் தரையையே பிளந்து 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல் செய்தார். உள்ளே வந்தவர்கள் தலைகுனிந்து, ஓரமாக நடந்து, குனிந்து எட்டிப் பார்த்து, தாண்டிக் குதித்தார்கள். நாட்டுக்குள் வர விடாமல் தடுக்கப்படுகிறவர்களைப் பற்றிய படைப்பு அது. பார்வையாளரின் கால்கள் தயங்கியதும் அந்தப் படைப்பின் ஒரு பகுதி. கண்காட்சி முடிந்து பிளவை நிரப்பிய பிறகும் தழும்பு தரையில் இருக்கிறது.

வீடியோ என்றால் மொத்த நேரத்தை முதலில் பாருங்கள். 8 நிமிடம் ஓடக்கூடியது என்றால், நீங்கள் நுழைந்த இடம் மறுபடி வரும்வரை உட்காருங்கள். எல்லாவற்றையும் முழுதாகப் பார்க்க முடியாது என்பதும் உண்மை. கலைஞர் கிறிஸ்டியன் மார்க்லே 2010-இல் செய்த ஒரு வீடியோ படைப்பு 24 மணி நேரம் ஓடும். எவ்வளவு பார்த்தீர்களோ அதை உங்கள் விமர்சனத்தில் சொல்லிவிடுங்கள்.

படி 4: பொருளைக் கேள்வி கேட்பது

தற்காலக் கலைக்குள் நுழைய எனக்குத் தெரிந்த மிகச் சுலபமான வாசல் இது. "இதற்கு என்ன அர்த்தம்?" என்பதை விட்டுவிட்டு, "இது எதனால் செய்யப்பட்டது, ஏன் அதனால்?" என்று கேளுங்கள்.

இந்தியக் கலைஞர் ஷீலா கௌடாவின் 1990-களின் பிற்பகுதிப் படைப்பு ஒன்றில், ஊசிகளில் கோர்த்த நீண்ட நூலிழைகள் பசையும் குங்குமமும் சேர்த்துச் சிவப்புக் கயிறுகளாகி அறைக்குள் வளைந்து கிடக்கின்றன. கயிற்றின் நுனியில் ஊசிகள் கொத்தாக இருக்கின்றன. இங்கே நாம் எந்தக் கோட்பாட்டையும் படிக்க வேண்டியதில்லை. குங்குமம் என்றால் என்ன, அது யாருடைய நெற்றியில் எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்பது நமக்குத் தெரியும். ஊசியும் நூலும் யார் கைகளில் இருந்திருக்கின்றன என்பதும் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கும்போது அழகான கோடு. கிட்டே போனால் உடம்புக்குள்ளிருந்து எடுத்துப் போட்டது போல ஒரு பொருள். இன்னும் கிட்டே போனால் குத்தும் முனைகள். இந்த மூன்றையும் வரிசையாக எழுதினாலே பாதி விமர்சனம் வந்துவிடும்.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் பணியாற்றிய எல் அனட்சுய், மதுப் புட்டிகளின் மூடிகளைத் தட்டையாக்கிச் செப்புக் கம்பியால் கோர்த்துப் பெரிய திரைகளாகத் தொங்கவிடுகிறார். மது ஐரோப்பிய வணிகர்களோடு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்த சரக்கு, அடிமை வணிகத்தோடு பிணைந்த சரக்கு. அந்த வரலாறு மூடிகளுக்குள் இருக்கிறது. பொன் நிறத்தில் மின்னுகிறது என்று எழுதிவிட்டு, எது மின்னுகிறது என்பதை எழுதாமல் விட்டால் படைப்பைப் பாதியில் விட்டதாகிவிடும்.

படி 5: இப்போது படியுங்கள்

விளக்கச்சீட்டில் பெயர், தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு இருக்கும். ஆண்டைக் கவனியுங்கள், ஒரே கண்காட்சியில் இருபது வருட இடைவெளியுள்ள படைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். அச்சுப் படைப்பிலோ புகைப்படத்திலோ 3/5 என்று இருந்தால் 5 பிரதிகளில் அது மூன்றாவது என்று பொருள்.

சுவர்க்குறிப்பைப் படிக்கும்போது தகவலையும் பரிந்துரையையும் பிரித்துக்கொள்ளுங்கள். "இந்த மரம் இடிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது" என்பது தகவல். "நினைவின் பலவீனத்தை ஆராய்கிறது" என்பது பரிந்துரை. அதை நீங்கள் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

இந்தக் குறிப்புகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ் டோரஸின் 1991-ஆம் ஆண்டுப் படைப்பைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வண்ணத் தாள் சுற்றிய மிட்டாய்கள் ஒரு மூலையில் குவிந்திருக்கும். குவியலின் இலட்சிய எடை 175 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 79 கிலோ. வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். குவியல் குறையும், மறுபடி நிரப்பவும் படும். தலைப்பின் அடைப்புக்குறிக்குள் ராஸ் என்ற பெயர் இருக்கிறது. கலைஞரின் காதலர் ராஸ் லேகாக் அந்த ஆண்டில்தான் எய்ட்ஸ் நோயில் இறந்தார். இது தெரிந்த பிறகு கையிலிருக்கும் மிட்டாயின் கனமே மாறிவிடுகிறது. 2022-இல் சிகாகோ கலை நிறுவனத்தில் இதன் விளக்கச்சீட்டு மாற்றப்பட்டு, ராஸும் எய்ட்ஸும் அதில் இல்லாமல் போயின. எதிர்ப்பு எழுந்தது, சீட்டு மறுபடி திருத்தப்பட்டது. மூலையில் இருந்தவை அதே மிட்டாய்கள்தான். சுவரில் இருந்த சில வரிகள் மாறியதற்கே அவ்வளவு கோபம் வந்தது, நியாயமாகவே வந்தது. ஆகவே குறிப்பில் என்ன இருக்கிறது என்பதோடு, என்ன விடுபட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

படி 6: கண்காட்சியை ஒரே படைப்பாகப் பார்ப்பது

இரண்டாவது சுற்றில் தனித்தனிப் படைப்புகளை விட்டுவிட்டு அவற்றுக்கு இடையே உள்ளதைப் பாருங்கள். எது எதன் பக்கத்தில் இருக்கிறது? முதலில் கண்ணில் படும்படி எதை வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலான இடங்களில் ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவார்கள். அதிலிருந்து விலகியிருந்தால் அது யாரோ எடுத்த முடிவு. அனட்சுயின் திரைகளுக்கு நிலையான வடிவம் கிடையாது. எப்படி மடித்துத் தொங்கவிடுவது என்பதை மாட்டுகிறவர்களுக்கே அவர் விட்டுவிடுகிறார். அங்கே க்யூரேட்டரின், அதாவது கண்காட்சியைத் தொகுத்து அமைப்பவரின், கையும் படைப்பில் கலந்துவிடுகிறது.

படைப்புகள் அதிகமாக அடைக்கப்பட்டிருந்தால் அதைக் குறை என்று எழுதத் தயங்காதீர்கள். நல்ல ஓவியங்களைக் கொண்டு மோசமான கண்காட்சி வைக்க முடியும், அடிக்கடி வைக்கவும் செய்கிறார்கள்.

படி 7: பேசுங்கள்

கேலரியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரும், நாள் முழுவதும் கூடத்தில் நிற்கும் காவலரும் உங்களைவிடப் பல மணி நேரம் அதிகமாக அந்தப் படைப்புகளோடு இருந்தவர்கள். "எதன் முன்னால் மக்கள் அதிக நேரம் நிற்கிறார்கள்?" என்று காவலரிடம் கேட்டுப் பாருங்கள். கலைஞர் இருந்தால் "இதன் அர்த்தம் என்ன?" என்று கேட்காதீர்கள், தயாராக வைத்திருக்கும் பதில்தான் வரும். "இதை எப்படி ஒட்டினீர்கள்?", "எதை முதலில் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். செய்முறையைப் பற்றிப் பேசும்போது கலைஞர்கள் மனம் திறக்கிறார்கள்.

விலைப் பட்டியலும் கேட்கலாம். ஆனால் விலையைக் கொண்டு தரத்தை அளக்க வேண்டாம். இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் 2019-இல் மயாமியில் நடந்த ஆர்ட் ஃபேரில் ஒரு வாழைப்பழத்தை டேப்பால் சுவரில் ஒட்டினார். விலை 1,20,000 டாலர். அதன் பிரதி ஒன்று 2024-இல் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவருக்குக் கிடைப்பது சான்றிதழும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும். இது சந்தையைப் பற்றி நிறையச் சொல்கிறது. படைப்பு நல்லதா என்பதைத் தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

படி 8: எழுதுவது

வெளியே வந்த அன்றே முதல் வரைவை எழுதிவிடுங்கள். வரிசை இதுதான்: கண்டதைச் சொல்வது, கண்டவற்றுக்கு இடையே உள்ள தொடர்பைச் சொல்வது, அதிலிருந்து எழும் பொருளைச் சொல்வது, கடைசியில் மதிப்பீடு. அச்சில் வரும்போது மதிப்பீட்டை முதல் பத்திக்குக் கொண்டு வரலாம், தவறில்லை. ஆனால் யோசிக்கும் வரிசையை மாற்றாதீர்கள்.

இந்தியக் கலைஞர் நஸ்ரீன் முகமதி (1937–1990) காகிதத்தில் மையாலும் பென்சிலாலும் வரைந்த கோட்டோவியம் ஒன்றைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "அமைதி ததும்பும் கோடுகள் பார்வையாளரை வேறோர் உலகுக்கு அழைத்துச் செல்கின்றன" என்று எழுதினால் அது எந்த ஓவியத்துக்கும் பொருந்தும். இப்படி எழுதிப் பாருங்கள்: "சாய்ந்த கோடுகள் ஒரு பக்கம் நெருங்கி நெருங்கி ஏறக்குறைய கறுப்பாகின்றன, மறுபக்கம் விலகிக் காகிதத்துக்குள் கரைகின்றன. எங்கே முடிகின்றன என்று காட்ட முடியவில்லை. காகிதம் தட்டையாக இருக்க, கண் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது." இப்போது படிப்பவர் அந்தப் படத்தைப் பார்க்காமலே உங்களோடு ஒத்துப்போகவோ மறுக்கவோ முடியும்.

அவர் தம் படைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பும் வைக்கவில்லை, தேதியும் போடவில்லை. கைகால்களின் இயக்கத்தைப் பாதிக்கும் நரம்பு நோய் அவருக்கு இருந்தது. இதைத் தெரிந்துகொண்டவுடன் ஒவ்வொரு கோட்டிலும் நோயைத் தேடும் ஆசை வரும். வாழ்க்கைத் தகவலைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் காகிதத்தில் இருப்பது ஸ்கேல் பிடித்த, நடுங்காத கோடு. விமர்சகர் முதலில் அந்தக் கோட்டுக்குக் கடமைப்பட்டவர்.

எழுதியதைத் திருத்தும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதை வேறொரு கண்காட்சியின் விமர்சனத்தில் அப்படியே ஒட்ட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் வெட்டிவிடுங்கள். "வண்ணங்களின் விளையாட்டு", "மனதை வருடும்", "எல்லைகளை உடைக்கும்", "கேள்விக்கு உட்படுத்துகிறது" எல்லாம் பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே போய்விடும். கேலரியின் செய்திக்குறிப்பிலிருந்து வாக்கியங்களை எடுத்துப் போடுவது அதைவிட மோசம், அது விளம்பரம்.

மதிப்பீட்டுக்கு வருவோம். படைப்பு எதைச் செய்யப் பார்க்கிறது, அதைச் செய்து முடித்ததா, செய்து முடித்ததில் பயன் உண்டா? மூன்றாவது கேள்வியை நம் ஊடகங்களில் பலர் கேட்பதே இல்லை. திறமையாகச் செய்யப்பட்ட, யாருக்கும் எதையும் புதிதாகக் காட்டாத படைப்புகள் ஏராளம். அதைச் சொல்வது விமர்சகரின் வேலை.

"இதை என் குழந்தையே வரையும்" என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. பாஸ்டன் கல்லூரி உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அரூப ஓவியர்களின் (அடையாளம் காணக்கூடிய உருவங்கள் இல்லாமல் வரைபவர்களின்) படைப்புகளையும் குழந்தைகளும் விலங்குகளும் தீட்டியவற்றையும் ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள். எது சிறந்தது என்று கேட்டபோது, ஓவியப் பயிற்சி இல்லாதவர்கள்கூடத் தற்செயலாக அமையக்கூடியதைவிட அதிகமாக ஓவியர்களின் படைப்புகளையே காட்டினார்கள். கண்ணுக்குத் தெரிகிறது, அது எப்படித் தெரிந்தது என்று சொல்லப் பழகுவதுதான் மிச்சம்.

எதிர்மறையாக எழுதும்போது குறிப்பாக எழுதுங்கள். "ஏமாற்றம்" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் உதவாது. "கடைசி அறையில் உள்ள ஆறு ஓவியங்களும் முதல் அறையின் யோசனையைச் சிறிய அளவில் திரும்பச் செய்கின்றன" என்றால் கலைஞரே யோசிப்பார். முதல் கண்காட்சி வைக்கும் இளைஞருக்கும், பெரிய நிறுவனம் பின்னால் நிற்கும் பெயர்பெற்றவருக்கும் கடுமையின் அளவு வேறாக இருக்கலாம். உண்மை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கலைஞர் உங்கள் நண்பர் என்றால் அதை முதலிலேயே எழுதிவிடுங்கள். பெயர், ஆண்டு, பொருள், அளவு எல்லாவற்றையும் வெளியிடும் முன் சரிபாருங்கள்.

படி 9: திரும்பப் போவது

கண்காட்சி முடியும் முன் இன்னொரு முறை போங்கள். முதல் தடவை நிறுத்திய படைப்பு இரண்டாவது தடவை வெறுமையாகத் தெரியலாம். கடந்து போன ஒன்று பிடித்து இழுக்கலாம். நான் முதல் பார்வையைவிட இரண்டாவதையே நம்புகிறேன்.

சில கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து வருடக்கணக்கில் தொடருங்கள். ஜப்பானியக் கலைஞர் ஆன் கவாரா 1966 ஜனவரி 4-இல் தொடங்கி, அன்றைய தேதியை மட்டும் எழுதிய ஓவியங்களைச் செய்தார். நள்ளிரவுக்குள் முடியாததை அழித்துவிடுவார். ஒன்றை மட்டும் பார்த்தால் ஒற்றை நிறப் பின்னணியில் ஒரு தேதி. பல பத்தாண்டுகளுக்கு நீண்ட வரிசை என்று தெரிந்து பார்த்தால் ஒரு மனிதனின் வாழ்நாள். பல கலைஞர்களுக்கு இது பொருந்தும்: ஒற்றைக் கண்காட்சியில் தடுமாற்றமாகத் தெரிவது, அடுத்தடுத்த கண்காட்சிகளில் ஒரு பாதையாகத் தெரியும்.

ஒவ்வொரு குறிப்பிலும் தேதியும் இடமும் போட்டு வையுங்கள். ஓரிரு வருடம் போனதும் அவற்றை எடுத்துப் பார்த்தால் உங்கள் நகரத்தின் கலைச்சூழலே தெரியத் தொடங்கும்: யார் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறார்கள், பெண்கள் எத்தனை பேர், எந்தச் சமூகங்களிலிருந்து யாருமே வரவில்லை, எந்த கேலரி துணிந்து புதியவர்களைக் காட்டுகிறது. ஒரு கண்காட்சியைப் பற்றி எழுதுகிறவர் பலர். ஒரு நகரத்தின் கலைச்சூழலைப் பற்றி இப்படித் தரவோடு எழுதுகிறவர் மிகக் குறைவு, அந்த எழுத்துக்குத்தான் இப்போது பஞ்சம்.

எழுதியது வெளிவந்த பின் கலைஞரோ வாசகரோ மறுத்துப் பேசினால் கேளுங்கள். தகவல் பிழை என்றால் உடனே திருத்தி, திருத்தியதையும் குறிப்பிடுங்கள். உங்கள் கருத்தே மாறிவிட்டது என்றால் பழையதை அழிக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும், புதிதாக இன்னொன்று எழுதுங்கள்.